மாட்யூலர் அலுவலகக் கட்டடமும் கட்டட விதிகளும்: பல ஆண்டுப் பராமரிப்பில் கண்டவை

மாட்யூலர் கட்டடம், அதாவது தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாக (மாட்யூல்) செய்து மனையில் சேர்க்கும் கட்டடம் என்றால் விதிகள் சற்றுத் தளர்வாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிரந்தரமாக நிற்கப்போகும் வணிகக் கட்டடத்தைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்தாலும் மனையிலேயே எழுப்பினாலும் அதற்குரிய விதிகள் ஒன்றேதான். தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட எங்கள் அலுவலகம் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின்படி (ஐபிசி) அனுமதி பெற்றது. குடிபுகுந்த நாள் முதல் அதன் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. மாட்யூலர் முறையில் விதி மாறுவதில்லை. அதை யார், எங்கே, எப்போது சரிபார்க்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது. அந்த மாற்றத்தின் விளைவுகளை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

மாட்யூல் மனைக்கு வரும்போதே சுவர்கள் மூடப்பட்டிருக்கும். உள்ளே ஓடும் மின்கம்பியையோ குழாயையோ மனைக்கு வரும் ஆய்வாளர் பார்க்க முடியாது. அதனால் தொழிற்சாலையிலேயே, ஜிப்சம் பலகை அடிப்பதற்கு முன், அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வு அமைப்பு பார்த்து ஒவ்வொரு மாட்யூலிலும் முத்திரை ஒட்டுகிறது. மனை ஆய்வாளர் அந்த முத்திரையை ஏற்றுக்கொண்டு அடித்தளம், மாட்யூல்களின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர், மின் இணைப்பு, படிக்கட்டு, சரிவுப்பாதை ஆகியவற்றைப் பார்ப்பார். இந்த வேலைப் பங்கீட்டுக்கென்றே, ஐபிசியை வெளியிடும் ஐசிசியும் மாட்யூலர் கட்டடத் துறையின் அமைப்பான எம்பிஐயும் சேர்ந்து உருவாக்கிய ஐசிசி/எம்பிஐ 1200, 1205 என்ற இரண்டு தரநிலைகள் 2021இல் வந்தன. முன்னது திட்டமிடல், வடிவமைப்பு, தயாரிப்பு, பொருத்துதல் பற்றியது. பின்னது ஆய்வும் ஒப்புதலும் பற்றியது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவில் ஓர் இடம் விடுபட்டுப்போக வாய்ப்பு உண்டு: மாட்யூலும் மாட்யூலும் சேரும் இணைப்புக்கோடு. சட்டை தையலில்தான் முதலில் பிரியும். எங்கள் வரைபடத் தொகுதியில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ‘தொழிற்சாலை’ அல்லது ‘மனை’ என்று குறித்த ஒரு தாள் இருந்தது. இணைப்புக்கோட்டின் தீத்தடுப்பு, போல்ட், கூரை நீர்த்தடுப்பு எல்லாம் அதில் தனித்தனி வரிகளாக வந்துவிட்டன. இந்தக் கட்டடத்தில் எனக்கு அதிகம் உதவிய ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் அந்தத் தாளைத்தான் சொல்வேன்.

இணைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு லண்டன் ரோனன் பாயின்ட் சான்று. தொழிற்சாலையில் வார்த்த பெரிய கான்கிரீட் பலகைகளால் கட்டிய 22 மாடிக் குடியிருப்பு அது. 1968 மே மாதம் 18ஆம் மாடியில் நடந்த எரிவாயு வெடிப்பில் சுவர்ப் பலகை ஒன்று பெயர்ந்தது. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். சிறிய சேதம் பெரும் சரிவாகப் பரவக்கூடாது என்ற விதி பிரிட்டனில் அதற்குப் பிறகே வந்தது. நம் மாட்யூல்கள் வேறு வகை என்றாலும், போல்ட் இணைப்புகளின் ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்காமல் கட்டடத்தை ஏற்காதீர்கள்.

அடுத்தது தீ. கீழ் மாட்யூலின் கூரைக்கும் மேல் மாட்யூலின் தரைக்கும் இடையே கண்ணில் படாத ஓர் இடைவெளி இருக்கிறது. தீயும் புகையும் அதன் வழியே ஓடாமலிருக்க ஆங்காங்கே தடுப்புகள் வைக்கப்படுகின்றன. தொழிற்சாலை வைத்த தடுப்புகள் எங்கள் கட்டடத்தில் இன்றும் உறுதியாக இருக்கின்றன. பழுது பின்னால் வந்த வேலைகளால் ஏற்பட்டது. ஒரு முறை நடைபாதையின் தொங்குகூரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். தொழிற்சாலைக் குழாயைச் சுற்றிச் சிவப்புத் தீத்தடுப்புப் பசை விரிசல் இல்லாமல் இருந்தது. ஒரு சாண் தள்ளி, நெட்வொர்க் கேபிள் போட வந்தவர்கள் போட்ட துளை இருந்தது. நீலக் கேபிள் கற்றையைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடைவெளி, அதற்கப்பால் இருட்டு. ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டிய சுவர் அது. சோதனைச் சான்று பெற்ற பொருளால் அதை அடைத்தோம். இப்போது தொங்குகூரைக்கு மேல் கை வைக்கும் எந்த ஒப்பந்தக்காரரும் வேலைக்கு முன்னும் பின்னும் புகைப்படம் தர வேண்டும். தராவிட்டால் பில் பாஸாகாது.

தரை மட்டத்தையும் கவனிக்க வேண்டும். தாங்குதூண்கள் ஒரே அளவில் அமிழ்வதில்லை. இணைப்புக்கோட்டில் வினைல் விரிப்பு மெல்லப் புடைத்துவரும். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (ஏடிஏ) அணுகல் தரநிலைகளின்படி 6 மில்லிமீட்டர் வரையான மேடு அப்படியே இருக்கலாம். 13 மில்லிமீட்டர் வரை சாய்வாகச் சீவ வேண்டும். அதற்கு மேல் போனால் சரிவுப்பாதையாகவே கருத வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் ஊழியருக்கு இந்தச் சில மில்லிமீட்டர் அன்றாடத் தடை. தரைக்கடியில் இறங்கித் தகடு வைத்து மட்டம் பார்ப்பது எங்கள் ஆண்டுப் பராமரிப்பில் ஒரு வேலையாகிவிட்டது. இறங்கும் வாயில் குறைந்தது 18க்கு 24 அங்குலம் என்று ஐபிசி சொல்கிறது. உள்ளே போய்வருபவர்களைக் கேட்டால் இன்னும் பெரிதாக வைக்கத்தான் சொல்வார்கள்.

கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற நினைக்கும்போதுதான், தயாரிப்பாளர் விவரங்களைப் பொறித்துப் பொருத்தும் தரவுத் தகட்டின் அருமை தெரியும். எங்களுடையது மின்பலகைக் கதவின் உட்புறம் இருக்கிறது: வரிசை எண், தயாரித்த தேதி, கட்டுமான வகை, தரை தாங்கும் சுமை, காற்றின் வேகம். ஓர் அறையைக் கோப்பு அறையாக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. தகட்டில் இருந்தது அலுவலகச் சுமை, அதாவது சதுர அடிக்கு 50 பவுண்டு. கோப்பு ரேக்குகளை ஒத்த நூலக அடுக்குகளுக்கு ஐபிசி கேட்பது 150. பொறியாளர் வரைபடம் தந்து, அனுமதி பெற்று, தரைக்கடியில் கூடுதல் தாங்குதூண்கள் நிறுத்திய பிறகே இரும்பு ரேக்குகள் உள்ளே வந்தன.

இரண்டு அறைகளை ஒன்றாக்கிக் கூட்ட அரங்கு அமைக்கும் யோசனை இன்னும் நிலுவையில் இருக்கிறது. மேசை நாற்காலி போட்ட அரங்கில் ஒருவருக்கு 15 சதுர அடி என்று கணக்கிட்டால் 750 சதுர அடியில் 50 பேர் வந்துவிடுகிறார்கள். 50 பேர் என்றால் அது அலுவலக வகையில் அடங்காது. மக்கள் கூடும் இடமாகிவிடும். இரண்டாவது வெளியேறும் வழியும் வெளிப்புறம் திறக்கும் கதவுகளும் தேவைப்படும். தவிர, எடுக்க நினைக்கும் சுவர் இணைப்புக்கோட்டில் நிற்கிறது. அதற்குள் தூண்கள் இருக்கின்றன.

கட்டடத்தை வேறிடத்துக்கு மாற்றும் எண்ணம் உள்ளவர்கள் இடம் மாற்றக்கூடிய கட்டடங்களைப் பற்றிய ஐபிசியின் 3113ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். தகட்டில் உள்ள காற்று, பனி, நிலநடுக்க அளவுகள் புதிய இடத்துக்குப் போதாவிட்டால் அனுமதி கிடைப்பது கடினம்.

மீண்டும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். இரட்டைச் சுவரால் பக்கத்து அறைச் சத்தம் கேட்பதில்லை. தொழிற்சாலை வேலையின் நேர்த்தி இன்னும் குலையவில்லை. ஆனால் கடைசித் தவணையைத் தருவதற்கு முன் முத்திரை எண்களின் பட்டியல், ஒப்புதல் பெற்ற வரைபடங்கள், இணைப்பு ஆய்வு அறிக்கை, சுவர் மூடுவதற்கு முன் எடுத்த படங்கள் ஆகிய நான்கும் என் கைக்கு வந்திருக்க வேண்டும்.