பழைய அபார்த் புன்டோ: டர்போவுக்கு முன்னால் பம்பரைப் பாருங்கள்

2015 அக்டோபரில் ஃபியட் அபார்த் புன்டோவை இறக்கியபோது டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். அந்தக் காசுக்கு 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை), நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். இந்தியாவில் ஹாட் ஹேட்ச் (சின்னக் கார் உடம்பில் வலுவான இன்ஜின்) என்று மனசாரச் சொல்லக்கூடிய கார்கள் விரல் விட்டு எண்ணிவிடலாம். நடுத்தர வர்க்கத்துக்கு எட்டியதில் இதற்கு நிகர் எனக்குத் தெரிந்து இல்லை. இப்போது பழைய வண்டியாகப் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. என் மாமா பையனுக்காகக் கோவை, திருப்பூர், பாலக்காடு என்று அலைந்து பல வண்டிகளின் கீழே படுத்து எழுந்திருக்கிறேன்.

அவன் முதலில் கேட்டது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. நல்ல கார்தான். ஆனால் பழைய 1.2 டிஎஸ்ஐயில் வருவது ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது தானாகக் கியர் மாற்றும் பெட்டி. அதே வகை கியர்பாக்ஸ் உள்ள 16 லட்சம் கார்களை 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுவதிலிருந்தும் திரும்ப அழைத்து, சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரில் நின்று நின்று ஓட்டினால் மின்கோளாறு வரலாம் என்பது காரணம். நம் ஊர் வெயிலையும் சிக்னலையும் நினைத்துப் பார்த்தேன். அந்தப் பெட்டியைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். ஐந்து கியர் மேனுவல் அபார்த்தே போதும் என்று முடிவு செய்தோம்.

முதல் வேலை, அது நிஜமான அபார்த்தா என்று பார்ப்பது. சாதாரண புன்டோவில் அபார்த்தின் தேள் சின்னமும் சிவப்புப் பட்டையும் ஒட்டியவை நிறைய சுற்றுகின்றன. ஆர்சியில் 1368 சிசி பெட்ரோல் என்று இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பழைய 1.4 புன்டோவும் அதே 1368 சிசிதான். ஆர்சியில் மாடல் பெயரைப் படியுங்கள், சேஸிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிடுங்கள், பின் சக்கரத்தில் டிஸ்க் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். திருப்பூரில் பழைய கார் விற்கும் கன்சல்டிங்காரர் ஒருவர் காட்டிய ‘அபார்த்’தில் பின்னால் டிரம் இருந்தது. “ஸ்டிக்கர் மட்டும் இருபதாயிரம் ஆச்சுங்க” என்றார் கூச்சமே இல்லாமல்.

அடுத்தது பாடி. இந்த விமர்சனத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். உக்கடம் பக்கம் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன், ஃபியட்டின் லீனியா டி-ஜெட் கார் காலத்திலிருந்து இந்த இன்ஜினைக் கழற்றி மாட்டுபவர். அவர் சொன்னது: “இன்ஜின்ல என்ன வந்தாலும் நான் பாத்துக்கறனுங்க தம்பி. முன் பம்பர் ஒடைஞ்சுதுன்னா நான் எங்கீங்க போறது?” இன்ஜின் லீனியாவோடு பங்கு போட்டது என்பதால் பாகம் ஏதோ ஒரு வழியில் வந்துவிடும். ஆனால் ஃபியட் இங்கே கடையைக் கட்டி வருடங்கள் ஆகின்றன. அபார்த்துக்கென்றே வந்த 16 அங்குல அலாய், சின்னங்கள், ஸ்டிக்கர் எல்லாம் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிலர் வருடக்கணக்காக ஒற்றை அலாய்க்கு அலைகிறார்கள். அதனால் பம்பரின் கீழ் உதட்டைக் கையால் தடவிப் பாருங்கள். கிளிப் உடைந்து, ஸ்க்ரூ அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடித்திருந்தால் விரலில் தட்டுப்படும். நாலு அலாயும் அசல்தானா, வளைந்ததைத் தட்டி நிமிர்த்தியதா என்பதை வீல் பேலன்ஸிங் கடையில் சுற்றவிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 155 மில்லிமீட்டர்தான். நம் ஊர் வேகத்தடைகளைக் கட்டுபவர்களுக்கு இது தெரியாது. லிஃப்டில் ஏற்றாமல் இந்த வண்டியை வாங்கவே கூடாது. ஆயில் சம்ப்பில் புதுச் சிராய்ப்பு, லோயர் ஆர்ம் புஷ் (முன் சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர்) கிழிசல், எக்ஸாஸ்ட் குழாயில் வெல்டிங் தடம் இவையெல்லாம் அங்கேதான் தெரியும்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு, ஆறின பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். பாலக்காட்டு வண்டி ஒன்றில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம், ஐந்து நிமிடத்தில் தானாக அடங்கியது. ஓனர், “கண்டோ, சரியாயில்லே?” (பார்த்தீங்களா, சரியாயிடுச்சு இல்ல?) என்று சிரித்தார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருந்தால் இப்படித்தான் இருக்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபட்டுவிடும். அதைக் கழற்றுவது பெரிய வேலை, வேண்டாம் என்று கிளம்பிவிட்டோம். அப்புறம், இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, பின்னால் ஆள் நிற்க ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். நீலப் புகை வந்தால் டர்போ சீலையோ வால்வு சீலையோ சந்தேகப்படலாம்.

டைமிங் பெல்ட் (வால்வுகளை இன்ஜின் சுழற்சியோடு இணைக்கும் ரப்பர் பட்டை) மாற்றிய பில் இருக்கிறதா? கிலோமீட்டர் குறைவு என்று சொல்லித் தப்பிப்பார்கள். ரப்பருக்கு வயசும் கணக்கு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் விலையில் கழியுங்கள். பெட்ரோல் வாசனை வருகிறதா என்றும் மோந்து பாருங்கள். இந்தக் காலத்து 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காகச் செய்த வண்டி இல்லை இது; ரப்பர் குழாய்கள் கசியலாம்.

ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி பவரைக் கூட்டுவது) பற்றி நேரடியாகக் கேட்டுவிடுங்கள். இந்த வண்டியை வாங்கியவர்களில் பலர் சும்மா இருக்கிற ரகம் இல்லை. விற்கும் முன் அசலுக்கு மாற்றிவிட்டாலும் ஏர் ஃபில்டர் பெட்டி ஸ்க்ரூ தலைகள் வழுக்கிப்போயிருக்கும், ஹோஸ் கிளாம்ப்புகள் வேறு வேறாக இருக்கும். ரீமேப் செய்தது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம்; எங்கே செய்தது, கழற்றிய அசல் பாகங்கள் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒளிக்கிறவரிடம்தான் வாங்கக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது நாலாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. நன்றாக இருக்கிற வண்டியாக இருந்தால் அந்த இடத்திலேயே ஏன் இதைத் தேடி அலைந்தோம் என்று புரியும். ஒரு கணம் யோசிக்கும், பிறகு முதுகை சீட்டோடு அழுத்தும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கனம்தான், ஆனால் ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்லையும் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். கிளட்ச்சும் கனம், அவிநாசி ரோட்டு நெரிசலில் இடது கால் பேசும். உட்காரும் நிலை யாருக்காக வடிவமைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேரளப் பதிவு வண்டி கொஞ்சம் சல்லிசாகத் தெரியும். அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று), இங்கே மறுபதிவு, வயசுக்கேற்ற சாலை வரி, அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கும் அலைச்சல் எல்லாம் சேர்த்தால் சல்லிசு காணாமல் போகும். கடன் பாக்கி இருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35 கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியில் வாங்கியது சாயிபாபா காலனி டாக்டர் ஒருவரின் வெள்ளை வண்டி, 2016 மாடல். முன் பம்பர் அசல், அலாய்களில் ஒன்றில் மட்டும் நடைபாதைக் கீறல். டயர்களின் பக்கவாட்டில் 2317 என்றிருந்தது, அதாவது 2017-ன் 23-ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் கல்லாகிவிட்டது. அதையும் பெல்ட்டையும் காட்டி ஐம்பத்தைந்தாயிரம் குறைத்து 4.20 லட்சத்துக்கு முடித்தோம். ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுக்கிறது. மாமா பையன் ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறான், கூடவே ஒரு அழுகை பொம்மை. வண்டியை விற்கச் சொன்னால் மட்டும் பதில் வருவதில்லை.