கம்பெனி டிஎன்எஸ்ஸா, 8.8.8.8-ஆ?

வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது, வீடியோ ஓடுகிறது, ஆனால் ஒரு தளம் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது, குரோமில் என்எக்ஸ்டொமைன் என்று முடிகிற ஒரு வரி வந்து நிற்கிறது. உடனே "டிஎன்எஸ்ஸை மாத்திடு" என்பார்கள், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவையை. நான் மாற்றிவிட்டேன், இணைப்பு தரும் கம்பெனியின் டிஎன்எஸ்ஸை விட்டு ரவுட்டரிலேயே கூகுளின் 8.8.8.8, அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

வேகத்துக்காக மாறுவதென்றால் அந்தச் சிரமமே வேண்டாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். அந்தரங்கமும் அப்படித்தான், நீங்கள் தேடும் பெயர்களின் பட்டியல் கம்பெனியிடம் போகாவிட்டால் கூகுளிடம் போகும்.

நான் மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, பழுது வந்தால் எங்கே என்று பார்க்க வழி இருக்கிறதா என்பது. ஒரு தளம் சர்வர் மாறிய பிறகும் கம்பெனி டிஎன்எஸ் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் கணினியில் கேஷை (முன்பு கிடைத்த பதில்களின் சேமிப்பை) எத்தனை முறை அழித்தாலும் பயனில்லை, ஏனென்றால் பழசு இருப்பது அவர்களிடம். கூப்பிட்டுச் சொன்னால் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். போதாக்குறைக்குச் சில கம்பெனிகள் இல்லாத பெயரைக் கேட்டாலும் "இல்லை" என்று சொல்லாமல் தங்கள் விளம்பரப் பக்கத்துக்குத் தள்ளிவிடும், அப்போது பிழை எது என்றே தெரியாது.

கூகுளில் இதற்கு வழி இருக்கிறது. டிஎன்எஸ் டாட் கூகுள் என்ற முகவரிக்குப் போய் (தேவைப்பட்டால் மொபைல் டேட்டாவில்) திறக்காத தளத்தின் பெயரைக் கொடுங்கள், வரும் பதிலில் ஸ்டேட்டஸ் என்று ஓர் எண் இருக்கும். 3 என்றால் அந்தப் பெயரே இல்லை, எழுத்துப் பிழையாக இருக்கலாம், டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். 2 என்றால் பெயருக்குப் பொறுப்பான சர்வர்கள் பதில் தரவில்லை, அல்லது டிஎன்எஸ்செக் கையெழுத்து (பதில் போலியல்ல என்று காட்டும் முத்திரை) ஒத்துப்போகவில்லை. அந்தச் சரிபார்ப்பை அணைத்துவிட்டுக் கேட்டால் முகவரி வருகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும், வந்தால் கையெழுத்துதான் சிக்கல். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் விழுந்தபோது அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களையே யாராலும் எட்ட முடியவில்லை, அன்றைக்கு நீங்கள் எந்த டிஎன்எஸ்ஸுக்கு மாறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்டேட்டஸ் 0 (பிழை இல்லை), முகவரியும் சரி, ஆனாலும் தளம் வரவில்லையா, அப்படியானால் டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். கூகுளிடம் பழசு தங்கியிருந்தால் அழிக்கவும் தனிப் பக்கம் உண்டு, யாரையும் கெஞ்ச வேண்டாம்.

கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸான 1.1.1.1-இலும் அழிக்கும் பக்கம் இருக்கிறது, அதுவும் நல்ல தேர்வுதான். 2025 ஜூலை 14 அன்று அது ஒரு மணி நேரம் போல முடங்கியது, ஆகவே இரண்டாவது டிஎன்எஸ்ஸாக வேறொரு நிறுவனத்தினுடையதைப் போடுவது நல்லது. ஆனால் இரண்டாவது என்பது முதலாவது பதிலே தராதபோதுதான் உதவும், "இல்லை" என்பதும் ஒரு பதில்தான் என்பதால் அங்கே அது கைகொடுக்காது. குவாட்9 என்ற இன்னொரு பொது டிஎன்எஸ் தீங்கான தளங்களைத் தானே தடுக்கும். அதை நான் அதிகம் ஓட்டிப் பார்த்ததில்லை, ஆனால் ஒரு தளம் திறக்காதபோது பழுதா தடையா என்று கூடுதலாக ஒரு கேள்வி வரும்.

கம்பெனி டிஎன்எஸ் ஜெயிக்கிற இடமும் உண்டு. பொது வைஃபையில் லாகின் பக்கம் வர அந்த நெட்வொர்க்கின் டிஎன்எஸ்தான் வேண்டும், அலுவலக உள் தளங்களும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற செட்டிங்கில் ஒரு டிஎன்எஸ் சர்வரின் பெயரைக் கட்டாயமாகப் போட்டு வைத்திருந்தால் அந்த லாகின் பக்கம் வராமலே போகலாம், அந்த நேரத்துக்கு ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள்.