ஃப்ளூட் வாசிக்கும் பிள்ளைக்கு எந்த நோட்ஸ் புத்தகம்?

ராயபுரத்தில் இருக்கும் என் அக்கா மகள் சர்ச் குயரில் வெஸ்டர்ன் ஃப்ளூட் வாசிக்கிறாள். இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு இசைக்குறிப்புகள் அச்சிட்ட நோட்ஸ் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். முதல் வருடம் பியானோ துணையோடு வாசிக்கும் தனி உருப்படிகள், அடுத்த வருடம் இரண்டு ஃப்ளூட்டுக்கான டூயட். இப்போது யார் கேட்டாலும் டூயட்டைத்தான் சொல்கிறேன்.

இசைக்கான கிரேடு தேர்வுப் புத்தகம் வேண்டாம். தேர்வு எழுதும் பிள்ளைக்கு அதை வீட்டிலேயே வாங்கிவிடுவார்கள், பரிசுத்தாளைப் பிரித்தால் பாடப்புத்தகம் மாதிரிதான் இருக்கும். சினிமாப் பாட்டுக்கான கீபோர்டு புத்தகம் பரவாயில்லை. ஃப்ளூட்டுக்கு சுருதி மாற்றி எழுத வேண்டியதில்லை, மெலடி வரியை அப்படியே வாசிக்கலாம்.

பியானோ துணைப் புத்தகம் கையில் வாங்கும்போது கனமாக, அழகாக இருக்கும். உள்ளே ஃப்ளூட்டுக்கான மெல்லிய ஏடு தனியாகச் செருகியிருக்கும். அவள் அந்த ஏட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள், தடிப்புத்தகம் அலமாரிக்குப் போனது. வாசிக்க ஆள் வேண்டுமே! வீட்டில் கீபோர்டு இருக்கிறது, இரண்டு கையாலும் அந்தப் பக்கங்களை வாசிப்பவர் இல்லை. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அண்ணனுக்கு ஞாயிறு ஆராதனைக்குத் தயாராகவே நேரம் சரியாக இருக்கிறது. போனில் பியானோவை ஓடவிட்டுப் பார்த்தாள். அவள் மூச்செடுக்க அரை நொடி கூடுதலாக எடுத்தாலும் அது நிற்காமல் போய்விட்டது. கடைசியில் பியானோ மட்டும் வர வேண்டிய இடங்களில் ஃப்ளூட்டை உதட்டிலிருந்து இறக்கி, காலால் தரையில் தட்டி எட்டு தாளக்கட்டு எண்ணிவிட்டு மறுபடி தொடங்குவாள். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“சித்தி, கூட வாசிக்க யாராவது இருந்தா நல்லா இருக்கும்” என்றாள். புத்தகம் வாங்கும்போது நான் யோசிக்காமல் விட்டது இதைத்தான்.

குயரில் இன்னொரு ஃப்ளூட் இருக்கிறது, அவள் தோழி. அடுத்த முறை வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அண்ணா சாலை போய், 1842 முதல் இருக்கும் இசைக்கடையான மியூசி மியூசிக்கலில் விசாரித்தேன். நான் தேடியது டெலிமான் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் 1738இல் பாரிஸில் வெளியிட்ட ஆறு கேனன் சொனாட்டாக்கள். கேனன் என்றால் இருவருக்கும் ஒரே வரிதான். ஒருவர் தொடங்கி சற்றுத் தள்ளி மற்றவர் அதே வரியை முதலிலிருந்து பிடிப்பார். துரத்திக்கொண்டே போகும் இரண்டு குரலும் சேர்ந்து ஒலிக்கும். ஒரே தாளைப் பார்த்து இருவரும் வாசிக்கலாம், ஒருத்தி தடுமாறினால் மற்றவள் காத்திருப்பாள். மாலையில் மொட்டை மாடியில் கடல் காற்றுக்குப் பக்கம் பறக்காமல் துணி கிளிப் நான்கு மாட்டிக்கொண்டு இருவரும் தோளோடு தோள் நின்று வாசித்ததைப் பார்த்தேன். ஒரு வருடத்தில் அந்தப் புத்தகத்தின் ஓரமெல்லாம் நைந்துவிட்டது. முதல் புத்தகம் இன்னும் புதுசாகவே இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும், கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு டெலிமான் கடினம். அப்படியானால் சர்ச்சில் பாடும் பாமாலை மெட்டுகளின் சொப்ரானோ (மேல் குரல்), ஆல்டோ (அதற்கு அடுத்த குரல்) வரிகளே போதும். ஆல்டோ சில இடங்களில் நடு ஸி-க்கு (பியானோவின் நடுவில் வரும் ஸி சுரத்துக்கு) கீழே இறங்கும், சாதாரண ஃப்ளூட்டில் அந்த சுரங்கள் இல்லை. இருவரும் ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் சரியாகிவிடும். நான் பார்த்தது இந்த இரண்டு பிள்ளைகளை மட்டும்தான், மூங்கில் குழல் கற்கும் பிள்ளைக்கு என்ன வாங்கலாம் என்பதை அவர்கள் குருவிடம் கேட்பதே நல்லது.

தோழி ஜூனில் கல்லூரிக்காக வேறு ஊர் போகிறாள். அதனால் இந்த கிறிஸ்துமஸுக்குத் துணையே தேவைப்படாத ஒன்றைத் தேடுகிறேன். அதே டெலிமான் தனி ஃப்ளூட்டுக்கென்றே ஃபேன்டசியா என்ற பெயரில் 12 உருப்படிகள் எழுதியிருக்கிறார். லீவுக்குத் தோழி வரும்போது வாசிக்க, நைந்த டூயட் புத்தகத்தின் ஓரங்களுக்கு அக்கா மகள் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள்.