தூண்டிலோடு தெற்கே போனால் எங்கே தங்குவது? கன்டர்ஸ்வில், வெனிஸ், ரீல்ஃபுட்

அமெரிக்கத் தென் மாநிலங்களில் மீனுக்குப் பஞ்சமில்லை. படுத்த இடத்திலிருந்து படகு எவ்வளவு தூரம், பிடித்த மீன் அன்று இரவே தட்டுக்கு வருமா என்ற இரண்டையும் கேட்டுத்தான் நான் இடம் பார்ப்பேன். அட்லாண்டாவிலிருந்து காரில் போய்வந்த மூன்று இடங்களை அந்தக் கணக்கில் எடை போடுகிறேன்.

பக்கத்தில் இருப்பது அலபாமாவின் கன்டர்ஸ்வில். சுமார் மூன்று மணி நேரம். டென்னசி ஆற்றின் குறுக்கே 1939-இல் கட்டி முடித்த அணையால் உண்டான நீர்த்தேக்கம், ஏறக்குறைய 69,000 ஏக்கர். நம் ஊர்க் குளங்களில் மண்டும் வேலம்பாசி இங்கேயும் மண்டிக் கிடக்கிறது. அதற்குள்தான் பாஸ் என்கிற நன்னீர் மீன் பதுங்கியிருக்கும். பாஸ் பிடிப்பவர்களுக்கான பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் 2014-லும் 2020-லும் இங்கே நடந்தது. மாநிலப் பூங்காவின் விடுதி மலைமேல் இருக்கிறது. ஏரியைப் பார்க்கக் கண் நிறையும். தண்ணீரைத் தொட வண்டியில் இறங்க வேண்டும். சாப்பாட்டில்தான் எனக்குக் குறை. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் பாஸை எடை பார்த்து, படம் பிடித்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். அது நல்ல வழக்கம்தான். ஆனால் இரவு உணவகத்தில் தட்டுக்கு வரும் கெளுத்தி அநேகமாகப் பண்ணையில் வளர்ந்தது. போட்டி நடக்கும் வார இறுதியில் போகவே போகாதீர்கள்.

லூசியானாவின் வெனிஸுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். நியூ ஆர்லியன்ஸைத் தாண்டி, 23-ஆம் எண் நெடுஞ்சாலை மிசிசிப்பியோடு கூடவே இறங்கி, இனிப் போக நிலமில்லை என்று நிற்கும் இடம். 2005-இல் கத்ரீனா புயல் துடைத்துப்போட்ட ஊர் மறுபடி எழுந்து நிற்கிறது. படகுத்துறையை ஒட்டியே தங்கும் அறைகள் உண்டு; நாணலுக்கு நடுவே கட்டிவைத்த மிதக்கும் வீடுகளும் உண்டு. கதவைத் திறந்தால் படகு. ஆழ்கடலுக்குப் போனால் மஞ்சள் துடுப்புச் சூரை, ஆனால் ஒரு நாள் வாடகைப் படகு ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். நான் கரையை ஒட்டிய நாணல் நீரிலேயே ரெட்ஃபிஷ் தேடுவேன். நம் கத்தாழையின் குடும்பம் அது: செம்பு நிற உடம்பு, வாலடியில் மை தொட்டு வைத்தாற்போல் ஒரு கரும்புள்ளி.

இந்த மீனுக்கு ஒரு கதை உண்டு. 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் ப்ரூடோம் மசாலா பூசிக் கருக்கிச் சுட்ட ரெட்ஃபிஷ் நாடெங்கும் பரவ, மீன் அருகிப்போனது. லூசியானாவில் அதை வணிகத்துக்குப் பிடிக்கத் தடை வந்தது. அதனால் இந்தக் கரையின் ரெட்ஃபிஷை இங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் தூண்டில் போட்டுப் பிடித்தால்தான் உண்டு. 2024 முதல் ஒருவருக்கு நாளுக்கு நான்கு, அதுவும் 18 முதல் 27 அங்குலம் வரை உள்ளது மட்டும்.

சமையலைச் சொல்லாமல் விட முடியாது. தோலையும் செதிலையும் உரிக்காமல் பாதியாகப் பிளந்து, செதில் பக்கம் கீழே இருக்கும்படி தணலில் வைக்கிறார்கள். மேலே வெண்ணெய், பூண்டு, எலுமிச்சை. செதில் கருகி ஓடுபோல் இறுக, சதை தன் சாற்றிலேயே வேகும். முள்கரண்டியால் தொட்டால் இதழ் இதழாகக் கழன்று வரும், ஓடுதான் தட்டு. குளிர்காலத்தில் போனால் மூடுபனிக்கு ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். பிப்ரவரியில் நான் பதினொரு மணிவரை துறையிலேயே காத்திருந்தேன்.

டென்னசியின் ரீல்ஃபுட் ஏரிதான் என் மனத்துக்கு நெருக்கம். 1811-12 நிலநடுக்கங்களில் நிலம் அமிழ்ந்து பிறந்த ஏரி. பெரும்பாலும் ஆள் உயரத்துக்கும் குறைவான ஆழம். தண்ணீருக்குள்ளேயே சைப்ரஸ் மரங்கள், அடியில் மூழ்கிய மரக்கட்டைகள். அதற்கென்றே உள்ளூரில் உருவான ஒரு படகு உண்டு. அதன் துடுப்பில் நடுவே ஒரு மூட்டு இருப்பதால், போகிற திசையைப் பார்த்தபடியே வலிக்கலாம். என் மகன் எட்டு வயதில் அதை வலித்துக்கொண்டு கட்டைகளுக்கு நடுவே வளைந்து போனான். இங்கே கிராப்பி என்கிற நன்னீர் மீன்தான் எல்லாம். அதன் வாய் காகிதம்போல் மெல்லியது. தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். மெதுவாகத் தூக்க வேண்டும்.

ஏரிக்கரையிலேயே விடுதிகள் உண்டு. மீன் அரியும் மேசையும் அறையில் அடுப்பும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். சமைக்கச் சலிப்பாக இருந்தால் 1921 முதல் நடக்கும் பாயெட்ஸ் உணவகம் இருக்கிறது: பொரித்த கெளுத்தி, வெங்காயம் கலந்த சோளமாவுப் போண்டா.

சூரைக் கனவும் கையில் பணமும் உள்ள நால்வர் சேர்ந்தால் வெனிஸ். சனி, ஞாயிறு மட்டும்தான் கையில் என்றால் கன்டர்ஸ்வில். பிள்ளைகளோடு என்றால் யோசிக்காமல் ரீல்ஃபுட். கிராப்பி கரைக்கு வருவது வசந்தத்தில், அதனால் ஏப்ரல் அறையைக் குளிர்காலத்திலேயே சொல்லி வையுங்கள். மூன்றும் மூன்று மாநிலங்கள். மீன்பிடி உரிமம் தனித்தனியாக எடுக்க வேண்டும்.