அடைவைப் படிக்க ரீட்டிர் போதுமா, கெட்டென்ட்ஸ்64 வேண்டுமா?

பேரணாம்பட்டில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை. பதனிட்ட ஒவ்வொரு தோலையும் மேசைமேல் விரித்துப் படம் எடுத்து வைக்கிறார்கள். ஒரு தோலுக்கு ஒரு கோப்பு. எல்லாம் ஒரே அடைவில் (ஃபோல்டரில்). ஓராண்டு முடிவதற்குள் ஐந்து லட்சம் கோப்புகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் அன்றன்று வந்தவற்றைப் பொறுக்கி, காட்பாடியில் இருக்கும் எங்கள் சர்வருக்கு இரவில் அனுப்பும் சிறிய சி நிரல் என் பொறுப்பு. அடைவைப் படிக்கும் பகுதியை இரண்டு வழிகளிலும் எழுதி ஓட்டிவிட்டேன். இப்போது ஓடுவது ரீட்டிர். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அடைவையும் சாதாரணக் கோப்பு போலவே திறந்து படிக்கலாம்: இரண்டு பைட் ஐனோடு எண் (கோப்பின் அடையாள எண்), 14 பைட் பெயர், அவ்வளவுதான். இன்றைய லினக்ஸில் அப்படிச் செய்தால் ‘இது அடைவு’ என்று பிழை வரும். கெட்டென்ட்ஸ்64 (getdents64) என்ற சிஸ்டம் காலை, அதாவது இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் நிரல் வேலை கேட்கும் வழியை, நேராக அழைக்கலாம். இல்லையென்றால் அதையே உள்ளுக்குள் அழைத்து, ஒவ்வொரு பெயராக எடுத்துக் கொடுக்கும் ரீட்டிர் (readdir) என்ற நூலகச் செயல்கூறைப் பயன்படுத்தலாம். வேலையைச் செய்வது இரண்டிலும் ஒரே கர்னல்தான்.

நேரடி வழியில் கர்னல் நம் பஃபரில் (நாம் ஒதுக்கிய நினைவகத்தில்) பதிவுகளை வரிசையாகக் கொட்டிவிடும். ஒவ்வொரு பதிவிலும் எட்டு பைட் ஐனோடு எண், எட்டு பைட் இடக்குறி, இரண்டு பைட் பதிவு நீளம், ஒரு பைட் வகை, பிறகு பெயர். அதாவது பெயர் தொடங்குவது 19 பைட்டுகளுக்குப் பிறகு. ‘வேலூர்’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தால், யூனிகோடில் ஆறு குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 18. முடிவைக் காட்டும் சுழியம் ஒன்று. முன்னால் உள்ள 19-ஓடு சேர்த்து மொத்தம் 38, எட்டின் மடங்காக உயர்த்தி 40. (ஒரு பெயருக்கு 255 பைட் என்பது எக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையின் எல்லை. தமிழில் பெயர் வைப்பவருக்கு அது 85 குறியீடுகளாகச் சுருங்கிவிடுகிறது.)

இங்கே முதல் நாளே சறுக்கினேன். பதிவின் அமைப்பை நானே அறிவித்து, அதன் அளவைக் கேட்டு, அந்த அளவைத் தாண்டிப் பெயரைப் படித்தேன். கம்பைலர் சொன்ன அளவு 24, ஏனெனில் அது எட்டின் மடங்காக நிரப்பிக்கொள்ளும். விளைவு, எல்லாப் பெயர்களிலும் முதல் ஐந்து எழுத்துகளைக் காணவில்லை. 20240614 என்று தொடங்க வேண்டிய பெயர் 614 என்று நின்றது. ரீட்டிரில் இந்தக் குழிக்கு இடமே இல்லை. பெயர் எங்கே என்று அதுவே காட்டிவிடும்.

நேரடி வழியை நாடுபவர்கள் சொல்லும் காரணம் வேகம். நானும் அதற்காகத்தான் போனேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் கோப்புப் பெயர் 19 பைட்: தேதி எட்டு, ஒரு கோடு, வரிசை எண் ஆறு, புள்ளியோடு சேர்த்து விரிவு நான்கு. பதிவு 40 பைட். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் சி நூலகமான ஜிலிப்சியின் ரீட்டிர் ஒரு தடவைக்கு 32,768 பைட் கேட்கிறது. அதில் 819 பெயர்கள் அடங்கும். ஐந்து லட்சத்துக்குச் சுமார் 611 அழைப்புகள். ஒரு எம்பி பஃபர் வைத்து நானே கேட்டால் 20 அழைப்புகள். 611 எங்கே, 20 எங்கே என்று தோன்றும். ஆனால் இரவு வேலை கண்ணுக்குத் தெரியும்படி வேகமாகவில்லை. நிரலின் சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் ஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரங்களைக் கேட்கும் ஒரு எல்ஸ்டாட் என்று ஐந்து லட்சம் அழைப்புகள் வரிசை கட்டி நின்றன. தேதி பெயரிலேயே இருக்கிறது, கோப்பா அடைவா என்பது வகை பைட்டிலேயே இருக்கிறது. பிறகு எதற்கு எல்ஸ்டாட்? அதை எடுத்தெறிந்ததும் எந்த வழியில் படித்தாலும் வேலை பறந்தது.

என்னைத் திருப்பியது வேகமல்ல, பராமரிப்பு. தொழிற்சாலையில் இருந்த பழைய கணினியில் உபுண்டு 18.04, ஜிலிப்சி 2.27. கெட்டென்ட்ஸ்64-ஐப் பெயர் சொல்லி அழைக்கும் வசதி ஜிலிப்சிக்கு வந்ததே 2019-இல், 2.30 பதிப்பில். ஆகவே சிஸ்டம் கால் எண்ணைக் கொடுத்துத்தான் அழைக்க வேண்டியிருந்தது. எண்ணுக்கென்று தலைப்புக் கோப்பில் ஒரு பெயர் இருக்கிறது. அவசரத்தில் நான் அதைப் போடாமல் 217 என்று கையால் எழுதிவிட்டேன். அந்தக் கணினியின் செயலி வகையான எக்ஸ்86-64-இல் அது சரியான எண்தான். ஓராண்டு ஓடவும் செய்தது.

வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திர வெயிலிலும் தோல் தூசியிலும் அந்தக் கணினியின் விசிறி நின்றது. அதன் இடத்தில் 64 பிட் ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றை வைத்தோம். நிரலைக் கம்பைல் செய்தேன். ஒரு எச்சரிக்கைகூட இல்லை. மறுநாள் காலை மேற்பார்வையாளர் தொலைபேசியில், “சார், ராத்திரி ஒரு படம்கூடப் போகவில்லை, ‘முகவரி தவறு’ என்று காட்டுகிறது” என்றார். குடியாத்தம் வழியாகப் பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தேன். ராஸ்ப்பெரி பையின் செயலி வகையான ஏஆர்எம்64-இல் கெட்டென்ட்ஸ்64-இன் எண் 61. அங்கே 217 என்பது கர்னலின் சாவிக்கொத்தில் ஒரு சாவியைச் சேர்க்கும் அழைப்பு. அடைவைக் காட்டு என்று நான் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்க, என் நிரல் திறந்த அடைவைக் குறிக்கும் எண்ணான (கோப்பு விவரிப்பி) மூன்றை நினைவக முகவரியாக நீட்டி, சாவி சேர்க்கச் சொல்லியிருக்கிறது.

எண்ணைக் கையால் எழுதியது என் மடத்தனம், கெட்டென்ட்ஸ்64-இன் குற்றமல்ல. ஆனாலும் அந்த மடத்தனத்துக்கு வழிவிட்டது நேரடி வழி. ரீட்டிரில் எழுதியிருந்தால் மறுபடி கம்பைல் செய்ததோடு கதை முடிந்திருக்கும். போன வருடம் எங்களோடு சேர்ந்த தம்பி அந்த நிரலைப் படித்துவிட்டு, “அண்ணா, இந்த 19 எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டான். விளக்க அரை மணி நேரம் பிடித்தது. ரீட்டிர் வரிகளைப் பற்றி அவன் எதுவுமே கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் உண்டு. ரீட்டிர், அடைவு முடிந்தாலும் வெற்றுச் சுட்டி (NULL) தருகிறது, பிழை நேர்ந்தாலும் அதையே தருகிறது. எது என்று அறிய, அழைக்கும் முன், பிழை எண் பதியும் எர்நோவைச் சுழியமாக்க வேண்டும்; பலர் மறப்பார்கள். கெட்டென்ட்ஸ்64 முடிந்தால் சுழியம், பிழையென்றால் கழித்தல் ஒன்று என்று தெளிவாகச் சொல்லும். ஆல்பைன் லினக்ஸில் உள்ள மஸல் நூலகத்தின் பஃபர் 2,048 பைட்தான். 51 பெயர்களுக்கு ஓர் அழைப்பு. அங்கே பத்தாயிரம் அழைப்புகளுக்கு அருகில் போகும். அந்த இடத்தில் பெரிய பஃபரோடு நேரடியாகப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லைகளும் உண்டு. பெயர்கள் அகர வரிசையில் வரா. வகை பைட்டில் ‘தெரியாது’ என்று சில கோப்பு முறைமைகள் கைவிரிக்கும். அப்போது மட்டும் எல்ஸ்டாட்டுக்குப் போக வேண்டும். என் அனுபவம் பெரும்பாலும் எக்ஸ்டி4-ஓடு நின்றுவிடுகிறது. வலையமைப்புச் சேமிப்பகம் வைத்திருப்பவர்கள் தங்கள் இடத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

கடைசியில் தொழிற்சாலைக்காரர்களிடம் பேசி, நாளுக்கு ஓர் அடைவு என்று மாற்றிக்கொண்டோம். பழைய அடைவிலிருந்து ஐந்து லட்சத்தையும் வெளியேற்றிய பிறகும் அதன் அளவு பத்து எம்பிக்குக் கீழே இறங்கவில்லை. எக்ஸ்டி4 அடைவு தானாகச் சுருங்காது. காலி அடைவைப் படிக்கவே நேரமானது. அழித்துப் புதிதாக உருவாக்கினோம். இப்போது ஒரு நாளைக்கு 1,500 கோப்புகள். ஸ்ட்ரேஸில் மூன்று கெட்டென்ட்ஸ்64 வரிகள்தான் தெரிகின்றன, மூன்றாவது சுழியத்தோடு திரும்புகிறது. மூன்றையும் அழைப்பது ரீட்டிர்.