கீபோர்டு, பேடு சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்: "பேக்கப் எடுத்துத் தர்றோம்" என்பதை நம்பி நான் இழந்தது

மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மேடைக் கச்சேரிக்குப் போகிற கீபோர்டு, ரிதம் பேடு (தட்டினால் உள்ளே ஏற்றிவைத்த ஒலி வரும் மின்னணுத் தாள வாத்தியம்) கலைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆடி நெருங்குகிறது. சீசனுக்கு முன்னால் எல்லோரும் வாத்தியத்தை சர்வீஸுக்குக் கொடுப்போம். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

பங்குனியில் என் யமஹா எஸ்எக்ஸ்900 கீபோர்டில் நாலு கீ மக்கர் செய்தது. மெதுவாகத் தொட்டாலும் முழுச் சத்தத்தில் அலறும். உள்ளே ரப்பர் கான்டாக்ட் போய்விட்டது என்று தெரிந்தது. கூடவே ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் பேடும் ஒரு அடிக்கு இரண்டு அடியாகக் கேட்டது. இரண்டையும் ஊருக்குள் இருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பெயரை இங்கே போடவில்லை.

"டேட்டா போயிரும்ணே. பேக்கப் எடுத்துட்டுத்தான் கை வைப்போம். ஆயிரத்து ஐநூறு ஆகும். பென்டிரைவ் நம்மகிட்டயே 128 ஜிபி இருக்கு, தொள்ளாயிரம்" என்றார் கடைக்காரர். லேப்டாப்பையும் கொண்டுவரச் சொன்னார். "சிங்க் போட்டு விடுறேன், பென்டிரைவைச் சொருகினா போதும், ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும்." இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறாரே என்று சந்தோஷமாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த இரண்டு வாத்தியத்துக்குள்ளும் என்ன இருந்தது என்று சொன்னால்தான் இழப்பு புரியும். கீபோர்டில் ஒன்பது வருஷமாகச் சேர்த்த ஸ்டைல்கள் (தானாக ஓடும் தாள, பின்னணி இசை வடிவங்கள்), பாட்டுக்குப் பாட்டு செய்துவைத்த ரெஜிஸ்ட்ரேஷன் (அந்தப் பாட்டுக்கான டோன், ஸ்டைல் எல்லாம் ஒரே பட்டனில் வரும்படி சேமித்தது), காசு கொடுத்து வாங்கிய நாதஸ்வரம், ஷெனாய் டோன்கள், அதாவது வாத்திய ஒலிகள். பேடில் உறுமி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அண்ணன் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமலை மட்டும் 46 விதமாகப் பதிவு செய்து, வெட்டி, அதில் தட்டுகிற ஒன்பது கட்டங்களிலும் ஏற்றியிருந்தேன். கடையில் விற்கிற எந்த உறுமி சாம்பிளும் எனக்கு அந்த இழுப்பைத் தந்ததில்லை. அண்ணன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார், உறுமியை விற்றுவிட்டார்.

மேலூர் பக்கம் ஒரு கோயில் பொங்கல் கச்சேரி அன்று மதியம்தான் வாத்தியம் கைக்கு வந்தது. கடையிலேயே பென்டிரைவைச் சொருகி, ஒரு மைனஸ் ட்ராக்கை (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) போட்டுக் காட்டினார்கள். சுத்தமாகப் பாடியது. "லோடு மட்டும் நீங்க பண்ணிக்கங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் சொருகினேன். சிங்க் தானாக ஓடி முடிந்தது. அப்படியே வண்டி ஏறிவிட்டேன்.

மேடையில் பேடை ஆன் செய்தால் காலி. ஃபார்மேட் செய்திருக்கிறார்கள். பென்டிரைவில் ஃபோல்டர் இருக்கிறது, கோப்புப் பெயர்கள் இருக்கின்றன. லோடு கொடுத்தால் எரர். கீபோர்டையும் ஃபேக்டரி ரீசெட் செய்திருந்தார்கள். அதன் பேக்கப் கோப்பு மட்டும் ஏறியது, ரெஜிஸ்ட்ரேஷன்கள் திரும்ப வந்தன. ஆனால் நாதஸ்வரம் வரவேண்டிய இடத்தில் சத்தமே இல்லை. எட்டு மணிக்குச் சாமி பாட்டில் தொடங்க வேண்டும். பாடகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்து ஊர் தம்பி ஒருவரிடம் பேடு இரவல் வாங்கி, அதில் இருந்த கிட்டை (ஒலித் தொகுப்பை) வைத்து ஒப்பேற்றினோம். கமிட்டிக்காரர்கள் பேசிய தொகையில் 4,000 குறைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஒவ்வொன்றாகத் தோண்டினேன்.

முதலாவது, பென்டிரைவே போலி. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். அதில் போட்டதும் தெரிந்துவிட்டது: உண்மையில் இருப்பது 8 ஜிபிகூட இல்லை. இந்த மாதிரி டிரைவில் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பை மாற்றி எழுதி, 128 என்று பொய் சொல்ல வைக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஆவது போலவே காட்டும். பெயர் பதிவாகும், உள்ளடக்கம் பதிவாகாது. ட்ராக்குகளை முதலில் காப்பி செய்திருக்கிறார்கள், அதனால்தான் கடையில் பாடியது. பேடு ஃபோல்டர் கடைசியில் போயிருக்கிறது.

இரண்டாவது, கீபோர்டின் பேக்கப் கோப்பில் எக்ஸ்பான்ஷன் டோன்களும் ஸ்டைல்களும் (என் நாதஸ்வரம் போல, பேக்காகத் தனியே ஏற்றுபவை) அடங்காது. யூசர் டிரைவில் (கீபோர்டுக்குள் நம் கோப்புகளைச் சேமிக்கும் இடம்) இருப்பதும் செட்டிங்கும்தான் வரும். எக்ஸ்பான்ஷன் பேக்கின் கோப்பைத் தனியாக வைத்திருக்க வேண்டும். பேக்கப்புக்கென்று காசு வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்றாவதுதான் என்னை உடைத்துப்போட்டது. சிங்க்கை "மிரர்" முறையில், பென்டிரைவில் இருந்து லேப்டாப்புக்கு ஓடும்படி வைத்திருந்தார்கள். மிரர் எது புதுசு எது பழசு என்று பார்க்காது. ஒரு பக்கம் எப்படி இருக்கிறதோ அப்படியே மறுபக்கத்தை ஆக்கிவிடும். என் லேப்டாப்பில் இருந்த பழைய பேடு ஃபோல்டரின் மேல் அந்தச் செத்த கோப்புகள் ஏறிவிட்டன. உறுமியின் மூலப் பதிவுகளும் டோன் பேக்குகளும் பென்டிரைவில் இல்லை. ஆகவே லேப்டாப்பிலும் அழிக்கப்பட்டன. ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் நேரடியாக அழியும்படி செட்டிங். அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளைப் போட்டுத் தேடினேன். என் லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்டி வகை டிரைவில் அழிந்த இடத்தை அந்த டிரைவே துடைத்துவிடும் என்பதால் ஒன்றும் தேறவில்லை. பழைய ரெக்கார்டரின் மெமரி கார்டில் 19 பதிவுகள் கிடைத்தன. மீதி 27 இல்லை. டோன்கள் பரவாயில்லை, விற்றவரிடம் கேட்டு மறுபடி வாங்கிக்கொண்டேன்.

கடைக்குப் போனேன். "கொடுக்கும்போது பாடிச்சுல்லண்ணே? நீங்க எங்கயோ வைரஸ் இருக்குற சிஸ்டத்துல சொருகியிருப்பீங்க" என்றார். பில் கேட்டால் துண்டுச் சீட்டைக் காட்டினார். ஜிபேயில் 900 தனியாக அனுப்பியிருந்ததால் அந்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் கையில் இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய பொருள் என்றால் வியாபார நோக்கம் என்று தள்ள முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

தயவுசெய்து பேக்கப்பை நீங்களே எடுங்கள். பேடில் சேவ் ஆல் கொடுத்து, அந்த பென்டிரைவை நண்பர் ஒருவரின் அதே மாடல் பேடில் லோடு செய்து அடித்துப் பாருங்கள் (அவருடைய டேட்டாவை முதலில் சேவ் செய்துவிட்டு). கீபோர்டில் ஸ்டைல் ஃபோல்டரின் பெயரை மாற்றாதீர்கள்; ரெஜிஸ்ட்ரேஷன் ஸ்டைலை உள்ளே வைத்திருக்காது, அது இருக்கும் பாதையை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். சிங்க் வேண்டுமென்றால் பழைய பதிப்பைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு பிரதி எந்த சிங்க்கிலும் சேராமல் பீரோவில் இருக்கட்டும்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். அதே நீல அட்டை பென்டிரைவ்கள் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாகத் தொங்குகின்றன. அந்த மாதிரி ஒன்று உங்கள் கிட் பேக்கில் இருந்தால் இன்று இரவே சோதித்துவிடுங்கள்.