பழைய லேப்டாப்புக்குப் புது வைஃபை

2012ல் வாங்கிய லேப்டாப். ரேம் ஏத்தி, எஸ்எஸ்டி மாத்தி ஓட்டிட்டு இருக்கேன். வைஃபை மட்டும்தான் இழுவை. உள்ளே இருக்கிற வைஃபை கார்டுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், நெரிசல் குறைஞ்ச 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரியாது. எங்க அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாம் அதே அலைவரிசையில்தான் நெரியுது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குக் காசு கட்டி, கையில் கிடைச்சது 20.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதலில் யுஎஸ்பியில் செருகுற நகம் அளவு வைஃபை அடாப்டர் ஒண்ணை 350 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன். அதுவும் 2.4தான்! அடுத்த வாரம் போய் 1,400 ரூபாய்க்கு, ஆன்டெனா வச்ச, ரெண்டு அலைவரிசையும் பிடிக்கிற ஏசி1300 ரக அடாப்டர் எடுத்தேன். 1300னு போட்டிருக்காங்களேன்னு வாயைப் பிளக்காதீங்க. 2.4ல் 400 எம்பிபிஎஸ், 5ல் 867, ரெண்டையும் கூட்டி 1267ஐ 1300னு ஏத்தி எழுதின கணக்கு அது. ஒரு நேரத்தில் ஒண்ணுதான் ஓடும்.

அடாப்டரை ஓட்டுற மென்பொருளை, அதான் டிரைவரை, குட்டி சிடியில் கொடுத்திருந்தாங்க. என் சிடி டிரைவ் செத்து நாலு வருஷம் ஆச்சு. நல்லவேளை, உள்ளே மீடியாடெக் சிப். என் லேப்டாப்பில் இருக்கிற லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தில் செருகினதும் தானாகவே எடுத்துக்கிச்சு. வாங்கும்போது சிப் பேரைக் கேளுங்க, பெட்டி கலரைப் பார்க்காதீங்க.

இப்போ ஹாலில் 92 வருது. படுக்கையறையில் ரெண்டு சுவர் தாண்டினா 40. 5 ஜிகாஹெர்ட்ஸுக்குச் சுவர் ஆகாது. அடாப்டர் அரை மணி நேரத்தில் தொட்டா சுடுது, பக்கவாட்டில் துருத்திட்டு நிக்குது. மடியில் வச்சு வேலை பார்த்தா பொண்ணு ஓடி வந்து இடிச்சிடுவாளோன்னு ஒரு கண் அதிலேயே இருக்கு. அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் சொல்லி வச்சிருக்கேன்.